கல்லில் இல்லாத வரி

முப்பத்தொரு வருஷம் ஒரு வரியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தேன். ஜி.யு. போப் தம் கல்லறையில் 'தமிழ் மாணவன்' என்று பொறிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார் என்ற அந்த வரி. பாடத்தில் போப் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருஷத்தில் ஒரு நாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அதைச் சொல்வேன். எங்கள் பள்ளிக்கூடம் பாலக்கோட்டுப் பக்கம். சாலையோரப் புளியமரங்களில் உலுக்கல் நடக்கிற மாசி, பங்குனி மாதங்களில் வகுப்பறைவரை புளிவாடை வரும். அந்த வாடையோடு சேர்ந்தே அந்தக் கதை எனக்குள் கிடக்கிறது. சொல்லி முடித்ததும் வகுப்பு கொஞ்ச நேரம் அசையாது. எனக்கும் தொண்டை அடைக்கும். ஓய்வுபெற்ற பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன், என்னிடம் படித்துவிட்டு இங்கிலாந்துக்கு வேலைக்குப் போன ஒரு பையன் ஆக்ஸ்போர்டு செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அந்தக் கல்லைப் படம் எடுத்து அனுப்பினான். கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்: 'ஐயா, நீங்க சொன்னது இதுல இல்லைங்களே.' குற்றம் சாட்டுகிற தொனி அதில் இல்லை. எங்கே தேட வேண்டும் என்று கேட்கிற தொனிதான் இருந்தது. அவன் இன்னும் என்னை நம்பினான். அன்று இரவு கைப்பேசித் திரையை விரலால் விரித்து விரித்துக் கல்லின் நான்கு ஓரங்களையும் பார்த்தேன். இல்லை. எங்கும் இல்லை.

கல்லில் இருப்பது வேறு. பெயருக்குப் பின்னால் டி.டி. என்ற இறையியல் பட்டம், அதையடுத்து 'தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்' என்று பொருள்படும் சொற்கள். பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியின் குருவானவர் என்று தொடர்கிறது. பிறந்தது 1820 ஏப்ரல் 24, இறந்தது 1908 பிப்ரவரி. பிறகு, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து, கீழ்த்திசை இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாளெல்லாம் உழைத்ததை அன்போடு வியந்து இந்தக் கல்லை நாட்டினார்கள் என்ற செய்தி. அவ்வளவுதான். முதல் தடவை படித்தபோது ஏமாற்றமாக இருந்தது. ஏதோ அலுவலகக் குறிப்பு மாதிரி பதவிகளும் தேதிகளும். நான் சொன்ன வரியில் ஒரு மனிதன் மண்ணுக்குள்ளிருந்து பேசுவான். இதில் மற்றவர்கள் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் படத்தை அழிக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. அப்படிப் பார்க்கப் பார்க்க உறுத்தல் இடம் மாறியது. நான் பொய் சொல்லியிருக்கிறேனே என்பதிலிருந்து, அந்தப் பொய் எனக்கு ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்ற இடத்துக்கு.

எங்கள் வீட்டில் தெலுங்கு. தர்மபுரி மாவட்டத்தில் இது அதிசயமில்லை. 'அள்ளி' என்று முடிகிற எங்கள் ஊர்ப்பெயர்களில் கன்னடம் ஒட்டிக்கிடக்கிறது. மாரண்டஅள்ளி, பெண்ணாகரம் பக்கமெல்லாம் தெலுங்கு வீடும் கன்னட வீடும் தமிழ் வீட்டோடு சுவர் ஒட்டி நிற்கும். வாசலில் ஒரு பேச்சு, அடுப்படியில் ஒரு பேச்சு. எங்கள் தெலுங்கு ஆந்திராவில் எடுபடாது, தமிழ் வகுப்பிலும் எடுபடாது. ஒன்றாம் வகுப்பில் தாகத்துக்கு எழுந்து நின்று 'நீள்ளு' என்று கேட்டபோது வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு வெகுகாலம் காதில் இருந்தது. பாட்டியை 'அவ்வா' என்று கூப்பிடுவோம்; அதனால் அதியமானுக்கும் நெல்லிக்கனிக்கும் உரிய ஔவை எங்கள் வீட்டுக் கிழவிதான் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைத் திருத்தாமல் விட்ட ஒரு வாத்தியார்தான் ஆறாம் வகுப்பில் போப் கதையைச் சொன்னார். அந்த வெள்ளைக்காரருக்கும் தமிழ் வீட்டுமொழி இல்லை, பதினேழு வயதில் முதல் எழுத்திலிருந்து படித்தவர், கடைசிவரை மாணவனாகவே இருந்தவர். 'மாணவன்' என்ற சொல் அன்று எனக்குக் கதவைத் திறந்துவிட்டது. பிறப்பால் வராததைப் படிப்பால் அடையலாம் என்று எனக்கு யாரும் அறிவுரை சொல்லவில்லை. ஒரு கல்லைக் காட்டினார்கள். நான் தமிழாசிரியன் ஆனதற்கு அந்தக் கல்லும் ஒரு காரணம். கல்லில் அந்த வரி இல்லை என்றால் என் காலடியிலும் ஏதோ ஒன்று இல்லாமல்போகிறது.

இருந்தும், அந்த வரியை விட்டுவிட்டுக் கல்லில் உள்ளதைப் பின்தொடரப் பின்தொடர, நாங்கள் வகுப்பில் வைத்திருந்த போப்பைவிடப் பெரிய, சிக்கலான, சில இடங்களில் எனக்குப் பிடிக்காத ஒரு மனிதர் எழுந்துவருகிறார். முதலில் அவர் ஒரு குருவானவர். இதைச் சொல்வதில் நமக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. போப் என்றால் திருக்குறள், நாலடியார், திருவாசகம் என்று விரல்மடக்கிவிட்டு, மதப்பணிக்கு வந்தவர் என்பதை அரை வாக்கியத்தில் கடந்துபோய்விடுகிறோம். கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் பிறந்தார். பெற்றோர் கார்ன்வால் பக்கத்தவர்கள். 1826இல் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பி பிளிமத் துறைமுகத்தில் குடியேறியது. வெஸ்லியன் பள்ளிகளில் படித்துவிட்டு, சூயஸ் கால்வாய் இல்லாத காலத்தில் ஆப்பிரிக்காவைச் சுற்றிவந்து, 1839இல் சென்னையில் இறங்கியபோது அவருக்கு வயது 19. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் சாயர்புரம் போய்ச் சேர்ந்தார். 1843இல் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவாக அபிஷேகம் பெற்றார். சபையும் பள்ளிகளும் குருமடமும் கட்டியெழுப்பினார். பிறகு தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர். இந்த நாற்பது வருஷத்தில் ஒரு நாளாவது அவர் தம்மைத் தமிழறிஞர் என்று மட்டும் எண்ணிக் காலையில் எழுந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஞானஸ்நானம் கொடுப்பது, நற்கருணை வழங்குவது, புதைகுழி ஓரத்தில் ஜெபம் சொல்வது, இவற்றுக்கு நடுவில்தான் இலக்கணம்.

அவருக்கு ஒரு தம்பி இருந்தார். நான் இதை மிகத் தாமதமாகத்தான் அறிந்தேன், அறிந்தபின் பல நாள் வேறெதிலும் மனம் போகவில்லை. வில்லியம் பர்ட் போப், 1822இல் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். அண்ணன் படித்த அதே ஹாக்ஸ்டன் பயிற்சிக்கூடத்தில் படித்தார். அண்ணன் வெஸ்லியன் சபையிலிருந்து ஆங்கிலிக்கன் சபைக்கு மாறினார், தம்பி மாறவில்லை. 1867 முதல் 1886 வரை மான்செஸ்டரை அடுத்த டிட்ஸ்பரி கல்லூரியில் இறையியல் பேராசிரியராக இருந்தார். வெஸ்லியன் மெதடிஸ்டுகளின் முழு உபதேசத்தையும் ஒழுங்குபடுத்தி மூன்று தொகுதிகளில் எழுதினார். 1877இல் அச்சபையின் மாநாட்டுத் தலைவர். உடல்நலம் குன்றி ஓய்வுபெற்று 1903இல் இறந்தார். மெதடிஸ்ட் இறையியல் படிக்கிறவர்களிடம் போப் என்று சொன்னால் அவர்கள் நினைப்பது தம்பியை. நம்மிடம் போப் என்றால் அண்ணன். ஒரே வீட்டில் ஒரே விளக்கடியில் வேதம் படித்த இரண்டு பையன்களில் ஒருவன் கடவுளைப் பற்றிய எண்ணங்களை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தான். மற்றவன் முன்பின் அறியாத ஒரு பாஷையில் யாரோ கடவுளைக் கூப்பிட்ட குரல்களைக் கேட்கப் போய்விட்டான். யார் கடவுளை அதிகம் நெருங்கினார்கள் என்று கேட்கிற தகுதி எனக்கில்லை. ஆனால் தம்பி எழுதிய ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. மனிதன் தேடத் தொடங்குமுன்பே கிருபை அவனைத் தேடிவந்துவிடுகிறது, தேட வேண்டும் என்கிற ஆசையே கிருபை போட்ட விதைதான் என்பது வெஸ்லி மரபின் மையமான எண்ணம். வில்லியம் அதை நிதானமாக, வாதங்களை அடுக்கி நிறுவுகிறார். இது மாணிக்கவாசகர். வணங்குவதற்கே அவனருள் வேண்டும் என்று உருகுகிறவர் அவர். தம்பி டிட்ஸ்பரியில் கரும்பலகை முன்னால் நின்று விளக்கிய ஒன்றை அண்ணன் திருப்பெருந்துறைக் குருந்தமரத்தடியில் கண்டெடுத்தார். 1900இல் கிளாரண்டன் அச்சகம் வெளியிட்ட திருவாசக மொழிபெயர்ப்பில் உமாபதி சிவாசாரியாரின் திருவருட்பயனையும் ஆங்கிலத்தில் சேர்த்தார். அருள் என்ற ஒரு சொல்லைப் புரியவைக்க இன்னொரு முழு நூல் வேண்டும் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. கிருபைக்கும் அருளுக்கும் நடுவில் ஒரு குருவானவர் எத்தனை இரவு விழித்திருந்தால் இது தோன்றும்!

இங்கே என் சந்தேகமும் சேர்ந்தே வருகிறது. அந்த விழிப்பு எப்போதும் திறந்த மனத்தோடு இருந்ததாகச் சொல்ல முடியாது. 1886இல் குறள் மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில், மயிலாப்பூர்க் கடற்கரையில் வள்ளுவர் கிறிஸ்தவப் போதகர்களோடு உலாவியதாகக் கற்பனை செய்துபார்க்கிறார். மலைப்பிரசங்கத்தின் வாசம் குறளில் அடிக்கிறதாம். இதை முதலில் படித்தபோது கோபம் வந்தது. நல்லதெல்லாம் நம் வீட்டுச் சொத்து என்று நினைக்கிறவர்களை ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். போப்பும் அவர்களில் ஒருவரா என்றிருந்தது. பிறகு நான் சொல்லிவந்த வரி ஞாபகம் வந்தது. அவர் வள்ளுவரைத் தம் பக்கம் இழுத்தார். நாங்கள் அவரை எங்கள் பக்கம் இழுத்தோம். தாம் நேசித்த நூலில் தம் ஆண்டவரைக் காணாமல் அவரால் இருக்க முடியவில்லை. நாங்கள் நேசித்த மனிதரை எங்கள் தமிழின் காலடியில் உட்காரவைக்காமல் எங்களால் இருக்க முடியவில்லை. அவர் செய்தது ஊகம், முன்னுரையில் எழுதி வாதத்துக்கு வைத்தார். நாங்கள் செய்ததைக் கல்லில் எழுதியிருப்பதாகவே சொன்னோம். யார் செய்தது பெரிய தவறு என்று கேட்டால் என்னால் அவரைக் கைகாட்ட முடியவில்லை.

தஞ்சாவூரில் நடந்ததையும் நான் வகுப்பில் சொன்னதில்லை. 1850களில் அங்கே சாதி வேற்றுமையைச் சபைக்குள் அனுமதிக்க அவர் மறுத்தார். பழைய லுத்தரன் மரபில் வந்த கிறிஸ்தவர்களோடு, அவர்களுக்கு இடம்கொடுத்த லைப்சிக் மிஷனோடு, கடுமையான பிணக்கு மூண்டது. அவருடைய கண்டிப்பு பேர்போனது. கனிவு அதில் குறைவுதான். ஆனாலும் ஒரே பாத்திரத்திலிருந்து எல்லாரும் நற்கருணை வாங்க வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. டீக்கடையில் சாதிக்கொரு டம்ளர் இருந்த ஊர்களுக்கு நடுவே முப்பத்தொரு வருஷம் பாடம் நடத்தியவன் நான். என் வகுப்பில் மதிய உணவு வரிசையில் யார் யாருக்குப் பின்னால் நிற்க மறுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்குப் போப்பின் தஞ்சாவூரைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பெற்றோர் யாராவது வந்து நிற்பார்கள் என்ற தயக்கம் இருந்தது. 'தமிழ் மாணவன்' என்று சொன்னால் யாரும் வரமாட்டார்கள். எல்லாருக்கும் இனிக்கிற வரி அது. என்னை இப்போதும் வருத்துவது இந்த இடம்தான்: அழகான ஒன்றைச் சொல்லி, சொல்ல வேண்டிய ஒன்றை நான் மூடிக்கொண்டேன்.

1882இல் அவர் இந்தியாவை விட்டுப் போனபோது வயது 62. எங்கள் ஊரில் அந்த வயதில் திண்ணை. அவருக்கு அங்கே வேலை தொடங்குகிறது. ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார்; இந்திய ஆட்சிப்பணிக்கு வரவிருந்த இளைஞர்கள் அவரிடம் படித்தார்கள். 1893இல் நாலடியாரைக் கொண்டுவந்தார். திருவாசகத்தை முடிக்க ஆயுள் போதுமா என்ற கவலை இருந்திருக்கிறது. ஒரு நள்ளிரவில் பேலியல் கல்லூரி முற்றத்தில் அதன் தலைவர் பெஞ்சமின் ஜோவெட்டோடு நடந்தபோது அந்தக் கவலையைச் சொல்ல, அவர் தோளில் கைவைத்து, பெரிய காரியம் ஒன்றைக் கையில் வைத்திருப்பவனுக்கு ஆயுசு நீளும், முடிக்கிறவரை நீர் இருப்பீர் என்று தேற்றினாராம். பிளேட்டோவை ஆங்கிலத்தில் தந்தவர் ஜோவெட். அவரும் குருவானவர்தான், வேதத்தை மற்ற நூல்களைப்போலவே வாசிக்க வேண்டும் என்று எழுதித் திருச்சபையின் கோபத்துக்கு ஆளானவர். சொன்னவர் 1893இல் போய்விட்டார். கேட்டவர் முடித்தார். தம் எண்பதாவது பிறந்தநாளன்று, 1900 ஏப்ரல் 24, முன்னுரையில் தேதி போட்டார். தமிழில் முதல் பாடம் 1837இல் படித்ததைக் குறித்துவைத்திருக்கிறார். அறுபத்து மூன்று வருஷம். நாங்கள் இட்டுக்கட்டிய வரியின் உண்மையெல்லாம் அந்தத் தேதிக் கணக்கில் இருக்கிறது, அவர் கையாலேயே எழுதப்பட்டு. நான் கல்லைத் தேடிக்கொண்டிருந்தேன், அவர் காகிதத்தில் எழுதிவைத்திருந்தார். அதே செயின்ட் செபல்கர்ஸ் தோட்டத்தில்தான் ஜோவெட்டும் கிடக்கிறார். மாணவன் அனுப்பிய படத்தில் பின்னணியில் புல்லும் சாய்ந்த சிலுவைகளும் தெரிகின்றன. அவற்றில் எது ஜோவெட்டுடையது என்று தெரியவில்லை.

இப்போதெல்லாம் படத்தை விரித்தால் என் விரல் போய் நிற்பது 'தமிழ் நண்பர்கள்' என்ற இடத்தில். பெயர்கள் இல்லை. தென்னிந்தியாவில் எங்கோ இருந்து, கப்பலில் வாரக்கணக்கில் போகும் தபாலில், தாங்கள் கண்ணால் பார்க்கப்போகாத ஒரு கல்லுக்குப் பங்களித்தவர்கள். அவர்களில் யாராவது திருநீறு பூசியவராக இருந்திருப்பார், யாராவது சாயர்புரத்தில் அவரிடம் திட்டு வாங்கியவராக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் அவரை மாணவன் என்று எழுதச் சொல்லவில்லை. உழைத்தார் என்று எழுதினார்கள், தங்களை நண்பர்கள் என்று எழுதிக்கொண்டார்கள். குருவுக்கும் சீடனுக்கும் நடுவில் ஏற்ற இறக்கம் உண்டு; நண்பர்கள் எதிரெதிரே உட்காருகிறார்கள். எங்கள் வரி அந்த நண்பர்களைக் கல்லிலிருந்து சுரண்டி எடுத்துவிட்டு, அவர்கள் இருந்த இடத்தில் தமிழை ஒரு சிம்மாசனமாகப் போட்டுவிட்டது. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டபின் அதிலிருந்து சில பாட்டுகளையும் போப் ஆங்கிலப்படுத்தினார். எழுபதைத் தாண்டிய கிழவர், ஈரக்காற்று வீசுகிற அந்த ஊரில், எங்கள் தகடூர் அதியமானும் ஔவையும் இருக்கிற அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டியிருக்கிறார். அதியமான்கோட்டையைத் தாண்டிப் பேருந்து போகும்போதெல்லாம் அந்த நினைப்பு வருகிறது. அவர் இங்கே வந்திருக்க வேண்டும் என்று எனக்கில்லை. அந்தப் பக்கங்களைப் புரட்டியது போதும்.

இன்னொன்றும் கல்லில் இருக்கிறது. அதை நான் பார்க்க ஆறு மாதம் ஆயிற்று, எழுத்து தெளிவாகத்தான் இருந்தது. தமிழும் தெலுங்கும். என் பள்ளிக்கூட மொழியும் என் அடுப்படி மொழியும் ஆக்ஸ்போர்டில் ஒரு மண்மேட்டின் மேல் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. சிறுவயதில் எனக்குக் கதவு திறந்த அந்தப் பொய்வரியில் தெலுங்கு இல்லை. அதை வாசலில் விட்டுவிட்டுத்தான் நான் உள்ளே வந்தேன். விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவ்வா செத்தபோது ஒப்பாரி வைத்தவர்களோடு சேர்ந்து அழ எனக்குத் தெலுங்குச் சொற்கள் வரவில்லை.

சனிக்கிழமைகளில் எங்கள் திண்ணைக்குத் தெருப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சொல்வதெழுத வருவார்கள். போன தையில் ஒரு நாள், பனி விலகாத காலை, படத்தை அவர்களுக்குக் காட்டினேன். நான் பல வருஷம் தப்பாகச் சொல்லிவந்ததையும் சொன்னேன், கல்லில் உள்ளதைத் தமிழில் வாசித்தேன், தஞ்சாவூரையும் விடவில்லை. பெண்ணாகரத்திலிருந்து வந்து மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிற ஒரு பெண்; வீட்டில் கன்னடம். 'ங'வையும் 'ஞ'வையும் இப்போதுதான் பிரித்து எழுதுகிறாள். கைப்பேசியை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

'தமிழ், தெலுங்கு ரெண்டும் இருக்குதுங்களா ஐயா?'

'இருக்குதும்மா.'

'கன்னடம்?'

'இல்ல.'

'பெங்களூர்ல பத்து வருஷத்துக்கு மேல இருந்தாருன்னு சொன்னீங்களே.'

எனக்குப் பதில் வரவில்லை. அவள் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நோட்டை மடியில் வைத்து, அடுத்த சொல்லுக்காக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.